மாற்று நுரையீரலும் முதல் மூன்று நாட்களும்

இறந்தவரொருவரின் நுரையீரலை நோயாளியின் மார்பில் பொருத்திவிட்டார்கள் என்ற செய்தி வெளியாகும்போதெல்லாம் நாம் அகமகிழ்கிறோம். மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் போராட்டத்தின் மிகக் கடுமையான கட்டம் அப்போதுதான் ஆரம்பமாகிறது. இவ்வுண்மையைப் பொதுஜனங்களும் சர்க்காரும் உணர்ந்தாலன்றி, இச்சிகிச்சைக்குச் செலவாகும் பணமும், பணத்தினும் அரிதான தானமும் முழுப் பயனைத் தரமாட்டா.

தானமாகப் பெற்ற நுரையீரல் குளிரூட்டப்பட்டுச் சில மணி நேரம் இரத்தவோட்டமின்றிக் கிடக்கிறது. புதிய உடலில் இரத்தம் மீண்டும் பாயும்போது, உயிரூட்ட வேண்டிய அவ்வோட்டமே ஊறு செய்வதும் உண்டு. நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கசிந்து, காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. நுரையீரல் விறைத்துப் போகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. முதல் 72 மணி நேரத்திற்குள் நேரும் இக்கேட்டை ‘பிரைமரி கிராப்ட் டிஸ்பங்ஷன்’ என்று வைத்தியர்கள் அழைக்கிறார்கள். அந்நிய உறுப்பை உடல் ஏற்க மறுப்பது வேறு, இது வேறு. இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அழுத்தத்தை, உட்செலுத்தும் காற்றில் அவ்வாயுவுக்குள்ள விகிதத்தால் வகுத்து, எக்ஸ்ரே படத்தையும் பார்த்து, இதன் கடுமையை அளக்கிறார்கள். படத்தில் நீர்க்கோப்பு தெரிய, ஈவு 200க்குக் கீழே இறங்கினால் அது மூன்றாம் படி; உயிருக்கே ஆபத்து. பிழைத்தோருக்கும் பிற்காலத்தில் நுரையீரல் படிப்படியாகச் செயலிழக்கும் அபாயம் மிகுதி.

இதைத் தீர்க்கும் தனி மருந்து எதுவும் இல்லை. செயற்கைச் சுவாச யந்திரத்தை மென்மையாக இயக்குதல், உடலில் நீர் மிகாமல் காத்தல், நிலைமை முற்றினால் ‘எக்மோ’ யந்திரத்தால் இரத்தத்துக்குப் பிராணவாயு ஊட்டுதல் ஆகியவையே வழிகள். இவை யாவும் ரண சிகிச்சை நிபுணரின் கத்தியைக் காட்டிலும், இரவும் பகலும் படுக்கையருகே விழித்திருக்கும் தாதிகளின் பயிற்சியையே நம்பி நிற்கின்றன.

இத்துறையின் சரித்திரம் நமக்கொரு பாடம். 1963ல் அமெரிக்காவின் மிஸ்ஸிஸிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக மனிதனுக்கு நுரையீரல் பொருத்தினார். நோயாளி 18 நாட்களே வாழ்ந்தார். அடுத்த இருபதாண்டுகளில் ஏறக்குறைய 40 முயற்சிகள் நடந்தும் நிலைத்த வெற்றி கிட்டவில்லை. பலருக்கு, மூச்சுக்குழலைத் தைத்த இடமே ஆறாமல் விட்டுப்போயிற்று. கனடாவின் டொரான்டோவில் ஜோயல் கூப்பர் குழுவினர் தங்கள் தோல்வியை மறைத்து வைக்கவில்லை, காரணத்தைத் தேடினர். ஸ்டிராய்டு மருந்து தையல் ஆறுவதைத் தடுப்பதைக் கண்டனர். குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையால் தையலைச் சுற்றிக் காத்தனர். 1983ல் அவர்கள் நுரையீரல் பொருத்திய நோயாளி ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அதே நகரத்தார் 2011ல், ஐயத்துக்குரிய 23 தானங்களை உடலுக்கு வெளியே யந்திரத்தில் சுவாசிக்க விட்டுச் சோதித்து, 20 பேருக்குப் பயன்படுத்தி, சாதாரண தானங்களுக்குக் குறையாத பலன் கண்டதைப் பிரசுரித்தனர். தோல்வியைக் கணக்கெழுதியவர்களே வெற்றியையும் கண்டார்கள்!

இங்கு நாம் கேட்பதும் அக்கணக்கைத்தான். நம் சென்னையிலும் இச்சிகிச்சை நடைபெற்று வருகிறது. எத்தனை நுரையீரல் பொருத்தினோம் என்று பெருமை கூறுவது போதாது. மூன்றாம் நாள் எத்தனை பேர் யந்திரத்தின் துணையின்றிச் சுவாசித்தனர்? ஓராண்டின் முடிவில் எத்தனை பேர் உயிரோடிருந்தனர்? அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையத்தின் பலனும் பெயர் குறித்து ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது. நமது ஆஸ்பத்திரிகளும் அவ்வாறே வெளியிடுமாறு சர்க்கார் விதிக்க வேண்டும். கடும் நோயாளிகளை ஏற்கும் ஆஸ்பத்திரி பழிக்கு ஆளாகுமே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நோயின் கடுமையையும் கணக்கிலெடுத்தே பலனை ஒப்பிட வேண்டுமென்பதே அதற்கு விடை. கணக்கே வேண்டாமென்பது விடையாகாது.

2023 முதல் தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தோரின் உடலுக்கு அரசு மரியாதை அளிக்கப்படுகிறது. போற்றத்தக்க வழக்கம். ஆனால் துயரத்தின் நடுவே ஒரு குடும்பம் மனமுவந்து அளித்த மூச்சு, அடுத்த 72 மணி நேரத்தில் கவனக்குறைவால் வீணாகாமல் காப்பதே அதனினும் மேலான மரியாதை. அம்மரியாதையைச் செலுத்தச் சர்க்கார் இனியும் தாமதிக்கலாகாது.