தங்கத்துக்குப் போடும் டெஸ்டை ஆர்சனிக்குக்கும் போடுங்க

'கே.ஜி.எஃப்' படத்தை ஹாஸ்டல்ல எத்தனை தடவை ஓட்டியிருப்போம்னு கணக்கே கிடையாது. ராக்கி பாய் வசனம் பாதிப் பேருக்கு மனப்பாடம். ஆனா அந்தப் படத்துக்கு செட் போட்ட இடங்களில் ஒன்று நிஜமான கோலார் தங்க வயலில் இருக்கும் ஒரு கழிவு மேடு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சயனைடு மலைன்னு சொல்வாங்களே, அதுதான்.

சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28 அன்று மூடினாங்க. அதுக்கப்புறம் இந்த ஊரைப் பத்திப் பேச்சு வந்தாலே எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "இன்னும் எவ்வளவு தங்கம் இருக்கு?" என்பதுதான். 2024-ல் அங்குள்ள 13 கழிவு மேடுகளில் மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு கர்நாடக அமைச்சரவை ஒப்புதலும் கொடுத்தாச்சு. என் கேள்வி வேற. தங்கத்தைத் தவிர அந்த மேட்டுக்குள்ள என்னென்ன இருக்கு? முதலில் அதை அளந்து, அந்த ஊர் ஜனங்களுக்குச் சொல்லிட்டு, அப்புறம் பொக்லைனைக் கொண்டு வாங்க.

ஒரு சின்ன கணக்கு. சுமார் 120 வருஷத்தில் அங்கே வெட்டி எடுத்த தாது ஏறத்தாழ 5 கோடி டன், கிடைத்த தங்கம் 800 டன் சொச்சம். அதாவது ஒரு டன் பாறைக்கு சராசரியா 16 கிராம். வீட்டில் அம்மா கழுத்தில் கிடக்கும் ஒரு பவுனுக்கு அரை டன் பாறையை வெட்டி, மாவா அரைச்சிருக்காங்க. தங்கத்தை எடுத்துக்கிட்டாங்க, மாவை அங்கேயே கொட்டிட்டாங்க. இன்னைக்கு மேடா நிற்கும் மாவு மட்டும் 3 கோடி டன்னுக்கு மேலே.

அந்த மாவில் என்ன இருக்கும் என்பதை முடிவு செய்வது பாறைதான். சிவில் பசங்க மூணாவது செமஸ்டரில் ஜியாலஜி பேப்பரை "எப்படியாவது பாஸ் ஆனா போதும்"னு எழுதுவோமே, அது உதவுற இடம் இது. கோலார் என்பது வடக்கு தெற்காக 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் ஒல்லியான பாறைப் பட்டை. வயசு சுமார் 270 கோடி வருஷம். பழைய எரிமலைக் குழம்பு உருமாறி ஆம்ஃபிபோலைட் ஆகி, அதன் வெடிப்புகளில் குவார்ட்ஸ் நரம்புகளோடு தங்கம் படிந்திருக்கு. புகழ்பெற்ற சாம்பியன் ரீஃப் பெரும்பாலும் குவார்ட்ஸ். அதில் சல்ஃபைடு கம்மி. அதுக்கு மேற்கே ஓடும் நரம்புகளில் கதை மாறுது. அங்கே பைரோடைட், ஆர்சனோபைரைட் மாதிரியான சல்ஃபைடு கனிமங்கள் தங்கத்தோடு சேர்ந்தே வரும். இரும்பும் கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்ததுதான் ஆர்சனோபைரைட். பூமிக்குள் காத்து படாத வரை அது பாட்டுக்கு கிடக்கும். அரைச்சு வெளியே கொட்டி, வெயிலும் மழையும் பட்டால் ஆக்சிஜனோடு வினை புரிஞ்சு அமிலத்தையும் ஆர்சனிக்கையும் விடும். பக்கத்தில் கார்பனேட் கனிமம் இருந்தால் அமிலம் முறிஞ்சுடும். ஆனால் அமிலம் இல்லாத தண்ணீரிலும் ஆர்சனிக் கரைந்து நகரும், சிக்கலே அதுதான். குடிநீரில் அதுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

ஆக, 13 மேடும் பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம். எந்த நரம்பிலிருந்து வந்த தாது எந்த மேட்டில் போய் விழுந்தது என்பதைப் பொறுத்து ஒன்று வெறும் மணலா இருக்கும், இன்னொன்று விஷமா இருக்கும். சராசரி போட்டு ஒரே நம்பரா அறிக்கை கொடுத்தால் அது ஏமாத்து வேலை.

சயனைடு? பேரைக் கேட்டதும் எல்லாரும் பயப்படுறது அதுக்குத்தான். என் பார்வையில் அது பட்டியலில் முதல் இடத்தில் வராது. தங்கத்தைக் கரைக்க சுண்ணாம்பு சேர்த்து பி.எச். 10-க்கு மேலே வைத்துத்தான் சயனைடைப் பயன்படுத்துவாங்க, பி.எச். குறைஞ்சா வாயுவாகப் பறந்துடும். வெயிலும் பாக்டீரியாவும் மிச்சத்தைச் சிதைக்கும். இத்தனை வருஷம் திறந்தவெளியில் கிடந்த மேல்மண்ணில் அது பெரிசா மிஞ்சியிருக்க வாய்ப்பு கம்மி. ஆனா இரும்போடு கூட்டு சேர்ந்த சயனைடு மேட்டின் உள்ளே, வெயில் படாத இடத்தில், ரொம்ப நாள் தங்கும். மேட்டைத் தோண்டி வெளியே பரப்பினால் சூரிய ஒளி அந்தக் கூட்டைப் பிரிக்கும். அதனால "சயனைடு எப்பவோ போயிடுச்சு"ன்னு சொல்றவங்களும் அவசரப்படக் கூடாது.

எனக்கு நிஜமான பயம் தூசி மேல. குவார்ட்ஸை மாவாக்கினால் கிடைப்பது சிலிக்கா. 10 மைக்ரானுக்குக் கீழே இருக்கும் துகள் மூக்கு வடிகட்டியைத் தாண்டி நுரையீரல் வரைக்கும் போகும். போனது திரும்பாது, அங்கேயே தழும்பு போடும். சிலிகோசிஸ் வந்த பிறகு அதைச் சரி பண்ண மருந்து கிடையாது. கோடையில் காத்து அடிச்சா இந்த மாவு போய் விழும் இடம் எது? சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னைக்கும் அங்கே இருக்காங்க. தாத்தா பூமிக்கடியில் சுவாசித்த தூசியைப் பேரன் வாசலில் நின்னு சுவாசிக்கிறான். இவனுக்குச் சம்பளம்கூட இல்லை.

கீழே இருக்கும் ஆபத்தும் சும்மா இல்லை. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அந்த ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும். சுரங்கம் ஓடின காலத்தில் அந்த பாறை வெடிப்புகளில் ஏராளமானவங்க செத்திருக்காங்க. மூடினதும் பம்புகள் நின்னு, தண்ணீர் ஏறிடுச்சு. வெற்றிடங்களில் நிரம்பும் தண்ணீர் பழைய விரிசல்களை நழுவ வைக்கலாம், அதனால் நில அதிர்வு வரலாம். சரியா மூடாத சுரங்க வாய்களில் இன்னொரு பிரச்சினை: உள்ளே ஆக்சிஜன் குறைஞ்ச காத்துக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. பழைய இரும்புக்காக உள்ளே இறங்கினவங்க திரும்பி வராத செய்திகளை நாமே படிச்சிருக்கோம்.

மேடுகளை மறுபடி தோண்டவே கூடாதுன்னு நான் சொல்லலை. ஒழுங்கா செஞ்சா அது ஊருக்கு நல்லதுதான். அடியில் தார்ப்பாய் மாதிரி லைனர் போட்ட இடத்துக்கு கழிவை மாத்தி, மேலே மண் மூடி, செடி வைத்தால் தூசிப் பிரச்சினையே தீரும். ஆனா தோண்ட ஆரம்பிச்ச பிறகு, அதுக்கு முன்னாடி கிணத்துத் தண்ணியில் எவ்வளவு ஆர்சனிக் இருந்தது, காத்தில் எவ்வளவு சிலிக்கா இருந்ததுன்னு யாராலும் அளக்க முடியாது. நாளைக்கு ஒருத்தருக்கு நோய் வந்தால் கம்பெனி "இது பழைய சுரங்கத்தால வந்தது"ங்கும். பழைய சுரங்கம் "மூடி எத்தனை வருஷம் ஆச்சு"ங்கும். நடுவில் மாட்டுவது லைன் வீட்டுக்காரர்தான். அடிப்படை அளவீடு இல்லாத இடத்தில் நஷ்ட ஈடு வழக்கு நிற்காது.

செலவு ஜாஸ்தின்னு சொல்வாங்க. அதை நான் ஏத்துக்க மாட்டேன். மேட்டில் எவ்வளவு தங்கம் இருக்குன்னு சொல்ல எப்படியும் பல இடத்தில் துளை போட்டு, ஆழவாரியா மாதிரி எடுத்துத்தான் ஆகணும். மாதிரி எடுப்பதுதான் பெரிய செலவு. அதே பையில் இருக்கும் மாவில் ஒரு பிடி எடுத்து ஆர்சனிக், சல்ஃபைடு, கார்பனேட், சயனைடு, துகள் அளவு ஐந்தையும் பாருங்க. தங்கத்துக்கு வரைபடம் போடுற மாதிரியே ஆபத்துக்கும் மேடுவாரியா வரைபடம் போடுங்க. ஏல ஆவணத்தில் முதல் வரைபடத்தை இணைக்கும்போது ரெண்டாவதையும் இணைங்க, தமிழிலும் கன்னடத்திலும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு தலைப்பு தேடி, சீனியரோட பழைய ரிப்போர்ட்டைத் தூசி தட்டிக்கிட்டு இருக்கும் சிவில், கெமிக்கல், என்விரான்மென்டல் நண்பர்களுக்கு ஒரு யோசனை. பெங்களூரிலிருந்து மாரிகுப்பத்துக்கு ரயில் இருக்கு. மேட்டின் மேல் ஏற வேண்டாம், சுரங்க வாய் பக்கமும் போக வேண்டாம், அனுமதி இல்லாமல் எதையும் தொட வேண்டாம். லைன் வீட்டுக்காரர் ஒருத்தர்கிட்ட கேட்டு, அவங்க மொட்டை மாடியில் தூசி அளக்கும் சாம்பிளர் ஒண்ணு வைங்க. மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழைக்குப் பின்னாடி ஒரு தடவை, போர்வெல் தண்ணி ரெண்டு பாட்டில் எடுங்க. வந்த நம்பரை வைவாவில் சொல்றதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.