பூட்டின தட்டு

பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சீவரம்' 2008-ல் வந்தது, நினைவிருக்கிறதா? தறியில் ஓடும் பட்டிழையைத் திரையில் காட்டினால் பிள்ளையார்பாளையத்துக்காரர்கள் இழை எண்ணிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு மங்கலான படம் உதவாது.

நம் ஊர் டி.வி.டி.யில் ஒரு காட்சிக்குச் சுமார் 4 லட்சம் புள்ளிகள். புளூ-ரே தட்டிலோ 20 லட்சத்துக்கும் மேல்! சிவப்பு ஒளிக்குப் பதில் நீல ஒளி. அதனால் பொடிப் பொடியாக எழுதலாம்.

ஆசையாக வாங்கி வந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்றால், அங்கேதான் சங்கடம். புளூ-ரே டிரைவ் தனியே வாங்க வேண்டும். வாங்கினாலும் விண்டோஸ் அந்தப் படத்தைக் காட்டாது. தட்டு பூட்டப்பட்டது, திறவுகோல் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளிடம். சேலையை விற்றுவிட்டுப் பெட்டிச் சாவியைக் கடைக்காரரே வைத்துக் கொண்டால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

4கே தட்டு என்றால் இன்னும் மோசம். அந்த மென்பொருளுக்கு இன்டெல் சில்லில் எஸ்.ஜி.எக்ஸ். என்ற வசதி வேண்டும். 2021-ல் வந்த டெஸ்க்டாப் சில்லுகளிலேயே அதை எடுத்துவிட்டார்கள். பழைய கம்ப்யூட்டரில் ஓடின தட்டு புதியதில் ஓடாது!

ஆகவே அம்மா, "பழசைத் தள்ளிவிடலாம்" என்று பிள்ளை சொன்னால், வீட்டில் 4கே தட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டி.வி.யோடு இணைக்கும் தனிப் பிளேயரில் இந்தத் தொல்லை இல்லை.