ஒப்புக்கொள்ளாததை ஒப்புக்கொடுக்க முடியாது

எங்கள் வீட்டில் ஒரு சொல் உண்டு: ஒப்புக்கொடு. காய்ச்சலா, ஒப்புக்கொடு. கூலியைக் குறைத்துவிட்டார்களா, ஒப்புக்கொடு. அப்பா அடித்துவிட்டாரா, அதையும் சேசுவின் ஐந்து காயங்களோடு சேர்த்து ஒப்புக்கொடு. வத்திராயிருப்பில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்தச் சொல் தாய்ப்பாலோடு வந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் அது என் தலையில் இறங்கியது. தம்பியைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டும். இருந்த பணம் ஒருவருக்குத்தான் காணும். வீட்டுக்கு வந்திருந்த சாமியார், "நீ விட்டுக் குடும்மா. ஆண்டவருக்கு ஒப்புக்கொடு. உனக்கு அவரு வேற வழி காட்டுவாரு" என்றார். உனக்குச் சம்மதமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று இரவு செபமாலை சொல்லிக்கொண்டே அழுதேன். ஏதோ பெரிய புண்ணிய காரியம் செய்துவிட்டதாகவும் நம்பினேன். மூன்று வருடம் அதிகாலையில் வேன் ஏறிப் போய் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினேன். பிற்பாடு அஞ்சல் வழியில் படித்துத் தேறியது வேறு கதை.

இன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது, அது தியாகம் இல்லை. என்னிடமிருந்து எடுத்தார்கள். எடுத்ததற்குத் தியாகம் என்று பெயர் வைத்தார்கள்.

"கிறிஸ்தவ வாழ்வே தியாகம்தானே, சிலுவை இல்லாமல் கிறிஸ்து உண்டா?" என்று கேட்பார்கள். சரி, சிலுவையிலிருந்தே தொடங்குவோம். தன் உயிரை யாரும் தன்னிடமிருந்து பறித்துக்கொள்வதில்லை, தானாகவே கொடுப்பதாக இயேசு சொன்னார் என்று யோவான் எழுதுகிறார். கெத்சமனித் தோட்டத்தில் அவர் முதலில் கேட்டது, இந்தத் துன்பக் கிண்ணம் தன்னைவிட்டு அகல வேண்டும் என்றுதான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. அந்த உரிமை இருந்ததால்தான் அவர் கொடுத்தது தியாகம் ஆயிற்று. வேண்டாம் என்று வாய் திறக்கவே விடாத ஒருத்தியிடம் வாங்குவது தியாகம் ஆகுமா?

வேதாகமத்திலேயே இரண்டு பிள்ளைகள் பலிக்கு நிறுத்தப்படுகிறார்கள். ஆபிரகாம் கத்தியை எடுக்கும்போது வானதூதர் கூப்பிட்டுத் தடுக்கிறார். ஈசாக்கு பிழைக்கிறான். நீதித் தலைவர்கள் நூலில் இப்தா நேர்ந்துகொண்டதற்காக அவன் மகள் பலியாகிறாள். அங்கே எந்த வானதூதரும் வரவில்லை. அவளுக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை. தோழிகளோடு மலைக்குப் போய் அழுவதற்கு இரண்டு மாதம் கேட்டு வாங்கினாள், அவ்வளவுதான். ஈசாக்கின் கதையைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இப்தா மகளின் கதையை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் மலையைப் பார்க்கும்போதெல்லாம் அவள் நினைவு வருகிறது. நேர்ச்சை அப்பனுடையது. உயிர் மகளுடையது. என் கதையும் ஏறக்குறைய அதுதான்.

அம்மாவுக்குச் சொன்ன கதை புனித மோனிக்காவுடையது. முன்கோபக்காரக் கணவரைப் பொறுமையாலும் செபத்தாலும் மனந்திருப்பியவர் என்பார்கள். அவர் மகன் அகுஸ்தினார் எழுதியதில் அவர்கள் சொல்லாத இடம் ஒன்று உண்டு. கணவனிடம் அடிபட்டு முகம் வீங்கி வந்த பெண்களிடம், உங்கள் திருமணப் பத்திரம் உங்களை அடிமையாக்கிய பத்திரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள் என்று மோனிக்கா சொன்னாராம். இது ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முந்தைய புத்திமதி. இன்னும் அதைத்தான் வேறு வார்த்தையில் நமக்குச் சொல்கிறார்கள்.

நாட்டுச் சட்டமும் இதே பாட்டைத்தான் பாடியது. 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தின்படி கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் கள்ள உறவை நிரூபித்தால் போதும். மனைவிக்கோ கணவன் அடிப்பது மட்டும் போதாது. அடியோடு வேறொருத்தியின் உறவையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். நாடாளுமன்றம் அதைத் திருத்தியது 2001இல். அதுவரை அடி வாங்கியதையெல்லாம் ஒப்புக்கொடுத்தார்கள் என்றா எழுதுவது?

திருச்சபை சொல்லாமல் விட்ட இன்னொன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். இதைப் படிக்கிற யாருக்காவது உதவும். 1983இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153ஆம் பிரிவு, உடலுக்கோ ஆன்மாவுக்கோ கடும் ஆபத்து விளைவிக்கும் துணையை விட்டுப் பிரிந்து வாழ நியாயம் உண்டு என்கிறது. தாமதித்தால் ஆபத்து என்றால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் பிரியலாம். அம்மா இருபத்தேழு வருடம் அடிபட்டார். அவருக்கு மோனிக்காவைத் தெரியும். 1153ஐத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்தவர் பாமா. தலித் பிள்ளைகளுக்கு உழைக்கும் ஆசையில் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழு வருடத்துக்குப் பிறகு வெளியேறி, 1992இல் 'கருக்கு' எழுதினார். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு கொடுக்கும் இடத்தில் அவர் கண்டது வசதியையும், வசதியானவர் பிள்ளைகளுக்கான பள்ளிகளையும், சாதியையும். வறுமையிலேயே பிறந்தவளுக்கு ஏழ்மை வார்த்தைப்பாடு எதற்கு? தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கீழ்ப்படிய வைக்கப்பட்டவளிடம் கீழ்ப்படிதலை எந்தக் கணக்கில் புண்ணியம் என்று எழுதுவது? அவளிடம் கேட்க வேண்டியது இழந்ததை மீட்கும் துணிவைத்தான். பாமா அங்கி களைந்து வந்தபோது தேவ அழைத்தலைத் தொலைத்தவர் என்றிருப்பார்கள். அநியாயத்தைக் கண்டு கோபப்பட்ட இயேசுவை அவர் வெளியில் வந்துதான் கண்டார் என்று அந்த நூலைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

தியாகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேரளத்தில் பிறந்த சிஸ்டர் ராணி மரியா மத்தியப் பிரதேசத்தில் ஏழைகளைத் திரட்டி, அவர்களை வட்டியில் உறிஞ்சியவர்களுக்கு எதிராக நின்றார். 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் அவரைக் குத்திக் கொன்றார்கள். ஆபத்து தெரிந்தே அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தவர் அவர். சுரண்டலுக்கு எதிராக உயிரையே கொடுப்பதும் சுரண்டலை முணுமுணுக்காமல் தாங்குவதும் ஒன்றில்லை. 2017இல் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்த திருச்சபை, பங்குப் பெண்களுக்கு இரண்டாவதைத்தான் இன்னும் போதிக்கிறது.

என் தோழிகள் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பார்கள்: "இவ்வளவு பேசிவிட்டு இன்னும் ஏன் முழங்கால் போடுகிறாய்?"

என் செபத்தை அவர்களுக்கு நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? விடியற்காலை நாலு மணிக்கு, அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால், அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்து பேசுவார். நாள் முழுக்க அவர் பேச்சை யாரும் குறுக்கிடாத ஒரே நேரம் அது. ஒருநாள் போர்வைக்குள்ளிருந்து ஒட்டுக்கேட்டேன். நன்றி சொல்லவில்லை. மன்றாடவில்லை. "கண்ணு தெரியலயா ஒனக்கு? எத்தன நாளைக்கிப் பாத்துக்கிட்டிருப்ப?" என்று கடவுளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு நெருக்கம் இருந்தால்தான் அப்படிச் சண்டை போட முடியும். பகலில் அவரிடமிருந்து எல்லோரும் எதிர்பார்த்த பணிவு அந்த நேரத்தில் கொஞ்சமும் இல்லை. கடவுளும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தச் செபம் எனக்கு வேண்டும். அந்தக் கடவுளும் வேண்டும். 'பொறுத்துக்கொள்' என்று அவர் பெயரால் சொல்கிறவர்கள்தான் வேண்டாம்.

என் மகளுக்கு இப்போது பதினாறு வயது. போன தவக்காலத்தில், மறைக்கல்வி வகுப்பில் எதை ஒப்புக்கொடுக்கப் போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். வந்து என்னிடம் கேட்டாள். "மொதல்ல எது ஒன்னோடதுன்னு எழுது. அதுல எதக் குடுக்க ஒனக்கு மனசு இருக்கோ அதக் குடு. மனசு இல்லாட்டி வேண்டாம்னு சொல்லு. சாமி கோவிக்காது" என்றேன்.

அவள் எழுதிய பட்டியலில் முதலில் இருந்தது: என் படிப்பு. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், 'கொடுக்க மாட்டேன்.'