அத்திப்பட்டியும் ஆர்யவர்த்தமும்

நெட்பிளிக்ஸ் 2019 ஜூனில் வெளியிட்ட 'லெய்லா' தொடரின் கதை 2040-களின் இறுதியில் நடக்கிறது. பிரயாக் அக்பரின் நாவலைத் தழுவிய அதில் நாடு 'ஆர்யவர்த்தம்' ஆகிவிட்டது. நல்ல தண்ணீர், வசதி உள்ளவர்களுக்கு மட்டும். சமூகத்துக்கு ஒரு மதில். எங்கு திரும்பினாலும் தலைவர் ஜோஷியின் படம். மேட்டுக்குடியினரின் நகரைக் குளிர்விக்க ஒரு மாபெரும் கூரை எழுகிறது. அது கக்கும் வெப்பம் வெளியே உள்ள குடிசைகளைச் சுடும்.

அதே ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. எதிர்காலக் கதை என்று சொல்லப்பட்டதற்கும் அன்றாடச் செய்திக்கும் இடைவெளி அவ்வளவுதான்.

ஆனாலும் 'லெய்லா'வில் ஒரு குறை உண்டு. கொடுமையெல்லாம் ஜோஷியின் ஆட்களிடமே குவிந்துவிடுகிறது. பார்ப்பவர் அவர்களை வெறுத்துவிட்டு நிம்மதியாக எழுந்து போய்விடலாம்.

கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' அந்த நிம்மதியைத் தருவதில்லை. நாடகமாக மேடை கண்டு, 1981-இல் கே. பாலசந்தர் இயக்கத்தில் படமாகி, தமிழின் சிறந்த படத்துக்கும் திரைக்கதைக்கும் தேசிய விருது பெற்றது அது. அத்திப்பட்டிக்கு மாட்டுவண்டியில் தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவருபவன் வெள்ளைச்சாமி, போலீஸ் தேடும் குற்றவாளி. அவனுக்கு ஆதரவாக நிற்கும் ஊர்ப்பெண் செவந்தியின் கணவனோ போலீஸ்காரன். அந்தப் போலீஸ்காரனுக்கு வேண்டியது பதவி உயர்வு. ஊரார் தாங்களே கால்வாய் வெட்ட இறங்கினால், அனுமதி இல்லை என்று அரசாங்கம் வந்து நிறுத்துகிறது. இதில் அரக்கர் யாரும் இல்லை. அவரவர் தம் வேலையைப் பார்க்கிறார்கள், ஊர் தாகத்தில் கிடக்கிறது. தலைமை தோற்கும் விதத்தை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன தொடர் எதுவும் இதுவரை வரவில்லை என்பதே இவ்விதழின் கருத்து.

கோமல்தான் பின்னாளில் 'சுபமங்களா' இதழின் ஆசிரியராக இருந்து 1995 வரை நடத்தினார். சிற்றிதழ்க்காரர்கள் அவரை இதழாசிரியராகவே நினைத்து, இந்த நாடகத்தைப் படத்தின் மூலக்கதை என்ற அளவில் ஒதுக்கிவிடுவது சரியல்ல.

கதையை விட்டு நிஜ ஊர்களுக்கு வருவோம். கோவில்பட்டிப் பக்கத்துப் பசுவந்தனை வட்டாரம் வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்தும் பாசியும் பருத்தியும் விதைக்கிற மானாவாரிக் கரிசல். கோவில்பட்டி குடிப்பது சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரை. ஆறு தள்ளியிருக்கும் சீமையில் வால்வைத் திறப்பதும் மூடுவதும் ஓர் அதிகாரம். எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர், கடைசித் தெருவுக்கு ஏன் வரவில்லை, முறையை மாற்றியவர் யார் என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சோடு கரைந்துபோகக் கூடாது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் கிராம சபை கூட வேண்டும் என்பது இன்று தமிழக அரசின் நடைமுறை. அன்று இந்தக் கேள்விகளை ஊரார் எழுந்து கேட்கட்டும். பதிலும், பதில் சொன்னவரின் பெயரும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும்.