படகுக் கதிரையின் பலம் தளத்துக்குக் கீழே

நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் சுற்றுலாப் பயணிகளைத் தூண்டில் போட அழைத்துச் செல்வது கடற்றொழில் செய்யும் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஒரு துணை வருமானமாகும். பயணி வசதியாக இருந்து பாரையையோ சூரையையோ இழுக்கட்டும் என்று பைபர் படகின் தளத்தில் சுழலும் கதிரை பூட்ட விரும்புவோரும் உளர். இது நல்ல முயற்சியே. ஆனால் கதிரைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையேனும் அதைத் தாங்கும் தளத்துக்குச் செலவிட வேண்டும் என்பதே எமது கருத்து.

வீட்டுக் கதிரை பாரத்தை நிலத்துக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிறது. ஆடும் படகில் உள்ள கதிரையோ நெம்புகோல் போலத் தொழிற்படுகிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். இருப்பவரின் நெஞ்சளவில், அதாவது தளத்திலிருந்து 90 சென்ரிமீற்றர் உயரத்தில், 30 கிலோ பாரத்துக்குச் சமமான இழுவை வருகிறது என்று வைப்போம். அடித்தட்டின் இரு போல்ட் வரிசைகளுக்கும் இடையே 15 சென்ரிமீற்றர் தூரம். அப்படியானால் ஒரு வரிசையை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை 180 கிலோவுக்குச் சமமாகும். இருப்பவரின் நிறை இதை ஓரளவு குறைக்கும். ஆனால் படகு அலையின் முகட்டிலிருந்து கீழே விழும் கணத்தில் அந்த உதவியும் போய்விடும். வரிசைகளின் இடைவெளியை 30 சென்ரிமீற்றர் ஆக்கினால் பிடுங்கும் விசை பாதியாகிவிடும். ஆகவே கதிரை பதிவாகவும் அதன் அடித்தட்டு அகலமாகவும் இருத்தல் நன்று.

மேலிருந்து நான்கு திருகாணிகளை முறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்பது தவறு. மெல்லிய பைபர் தகட்டில் திருகாணியின் புரிக்குப் பிடிப்புக் குறைவு. ஆட்டத்தில் துளை பெருத்து ஆணி கழன்று வரும். தளத்தை ஊடுருவிச் செல்லும் போல்ட் போட்டு, அடியில் கதிரையின் அடித்தட்டைவிடப் பெரிய தாங்குதட்டு வைத்து, தளராத நட்டால் இறுக்க வேண்டும். தளத்துக்குக் கீழே குறுக்குச் சட்டம் உள்ள இடமாகத் தெரிவுசெய்வது மேலும் நல்லது. துளையிடுமுன் கீழே எரிபொருள் தாங்கியோ குழாயோ இல்லை என்று உறுதிசெய்க.

பல படகுகளின் தளத்தில் இரு பைபர் தகடுகளுக்கு இடையே ஒட்டுப்பலகை இருக்கும். துளை வழியே நீர் இறங்கினால் அது உள்ளே உக்கிப்போகும்; வெளியே ஒன்றும் தெரியாது. இதைத் தவிர்க்க, துளையைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, தடிப்பாக்கிய எப்பொக்சிப் பசையால் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவே போல்ட்டுக்குத் துளையிடுவர். பூட்டும்போது கடற்பாவனைக்குரிய அடைப்புப் பசையும் இட வேண்டும்.

சாதாரண இரும்பு போல்ட்டை உப்புநீர் விரைவில் தின்றுவிடும். துருப்பிடிக்காத உருக்கிலும் 316 தரமே கடலுக்கு உகந்தது. அலுமினியத் தட்டுடன் அது நேரே தொட்டு உப்புநீரில் நனைந்தால் அலுமினியம் அரிக்கப்படும். இரண்டுக்கும் இடையே பிளாஸ்ரிக் வாசர் வைக்க வேண்டும்.

“அடியில் கை போக வழியில்லையே” என்று சிலர் கேட்பர். அப்படியானால் தளத்தில் மூடியுடன் ஒரு பார்வைத் துவாரம் அமைக்க வேண்டும். அதைச் செய்ய முடியாத படகில் கதிரை வேண்டாம். தாழ்ந்த இருக்கைப் பலகையே போதும். “செலவு அதிகம்” என்பதற்கு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நல்ல போல்ட்டுகளையும் பசையையும் மொத்தமாக வாங்கி அங்கத்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்பதே எமது பதில்.

பூட்டிய பின்னும் கவனம் தேவை. மாதம் ஒருமுறை கதிரையை நாற்புறமும் பலமாக இழுத்துப் பாருங்கள். அடித்தட்டைச் சுற்றி வெடிப்பு ஓடியிருந்தாலோ, தளத்தைத் தட்டும்போது மந்தமான ஒலி கேட்டாலோ, திருத்தும்வரை அதில் எவரையும் இருத்த வேண்டாம். பயணி ஒருவர் கதிரையோடு கடலில் விழுந்தால் அவருடைய உயிருக்கு ஆபத்து. அந்தக் கரையில் இத்தொழிலை நம்பியிருக்கும் ஏனைய குடும்பங்களின் பிழைப்புக்கும் அதனால் கேடு வரும்.