வண்டியைச் சூழ்ந்த சிற்றுலகம்

பொம்மைத் தொடர்வண்டியைக் காண்போரின் கண் முதலில் இயந்திரத்தின்மீதே செல்கிறது. பாதையோரத்துக் கைகாட்டியையும், நடைமேடையில் பெட்டி சுமந்து நிற்கும் விரலளவு மனிதனையும் உற்று நோக்குவோர் சிலரே. ஆயினும், ஒரு காலத்து மக்கள் எவ்வாறு பயணம் செய்தனர், எவ்வாறு காத்திருந்தனர் என்பதை இயந்திரத்தைவிட இத்துணைப்பொருள்களே தெளிவாக உணர்த்துகின்றன. எனவே, அவற்றையும் அவற்றைச் செய்தோரின் வரலாற்றையும் பேணிக் காப்பது கடமையாகும்.

இவ்வரலாறு பொம்மை வீட்டின் சமையலறையிலிருந்து தொடங்குகிறது. ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859-இல் தொடங்கப்பட்ட மெர்க்லின் நிறுவனம் முதலில் பொம்மை வீடுகளுக்குரிய தகரப் பாத்திரங்களையே செய்தது. 1866-இல் நிறுவனர் மறைந்தபின் அவருடைய மனைவி கரோலின் மெர்க்லின் அதனைத் தாங்கி நின்றார். தாமே ஊர் ஊராகச் சென்று பொருள்களை விற்றார். 1891-இல் லைப்சிக் சந்தையில் அந்நிறுவனம் சாவி கொடுத்து ஓட்டும் வண்டியையும், அளவு வரையறுத்த தண்டவாளத்தையும் காட்சிக்கு வைத்தது. முதலில் வண்டி, பிறகு நிலையம், பிறகு கைகாட்டி என ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கும் முறை அதனால் வளர்ந்தது. நவராத்திரிக் கொலுவில் ஆண்டுக்கொரு புதுப் பொம்மை சேர்த்து, படிகளின் கீழே பூங்காவும் குளமும் அமைக்கும் இல்லத்தாருக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் தொடர்வண்டிப் பொம்மைகளை வெளியிட்டார். அவற்றுக்குத் துணையாக 1931 முதல் நிலைய ஊழியர், பயணிகள் முதலிய சிறு வார்ப்புருவங்கள் விற்பனைக்கு வந்தன. அவ்வரிசையில் பின்னர்ச் சேர்ந்த சிறு மோட்டார் வண்டிகளே 1934-இல் ‘டிங்கி டாய்ஸ்’ என்னும் பெயர் பெற்று உலகெங்கும் பரவின. துணையாகப் பிறந்த பொருள் தனிப்புகழ் பெற்ற விந்தை இது! அந்த லிவர்பூல் ஆலை 1979-இல் மூடப்பட்டது. பாறசாலை வழியாகத் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

இது செல்வரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உளர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. குவாலியர் அரண்மனையின் விருந்து மேசைமீது ஓடும் வெள்ளித் தொடர்வண்டியை இங்கிலாந்தின் பாசெட்-லோக் நிறுவனம் 1906-இல் செய்தளித்தது. விருந்தினர் மதுக்குப்பியை எடுத்தால் வண்டி தானே நிற்கும். ஆனால், புணேயில் பாவுசாகேப் ஜோஷி உருவாக்கி, 1998-இல் திறக்கப்பட்ட சிறுதொடர்வண்டி அருங்காட்சியகம் வேறு வகையானது. அங்கே கைகாட்டிகளும் விளக்குக் கம்பங்களும் வேலிகளும் சூழ்ந்த ஒரு நகரமே இயங்குகிறது. அரசர் வாங்கியது ஒரு வியப்பு. ஜோஷி அமைத்தது ஒரு வாழ்க்கை.

இந்தியாவில் இக்கலைக்கு மற்றொரு தடையும் உண்டு. இந்திய அகலப்பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். அதனை 87-இல் ஒரு பங்காகக் குறைத்தால் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் வரும். கடைகளில் கிடைக்கும் அவ்வளவுத் தண்டவாளமோ பிறநாட்டுப் பாதையை ஒட்டி 16.5 மில்லிமீட்டராக உள்ளது. ஐரோப்பிய நிலையத்தை வாங்கி வைத்துப் பாறசாலை என்று பெயரிடவும் இயலாது. இங்குள்ள பெயர்ப்பலகை மஞ்சள் நிறத்தது. இங்கு மலையாளம் எழுதப்பட்டிருக்கும். எல்லை கடந்து குழித்துறையை அடைந்தால் தமிழ் வரவேற்கும். இவ்வேறுபாட்டை எந்த அயல்நாட்டு ஆலையும் செய்து தராது. எல்லையோரப் பள்ளி மாணவரே அட்டையாலும் மரத்துண்டாலும் தம் நிலையத்தைச் செய்தல் வேண்டும். இந்த அளவில் ஐந்தரை அடி மனிதர் இரண்டு செண்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்பார். பெரும்பாலான பாதைகளில் மறைந்துவிட்ட கைகாட்டியும் அவருக்கருகில் நிற்கட்டும். அதன் கை நேராக நீண்டிருந்தால் ‘நில்’. கீழே சாய்ந்தால் ‘செல்’.

செய்தவரின் பெயரையும் ஆண்டையும் அடிப்புறத்தில் எழுதவும் மறத்தல் ஆகாது. பழைய தகர நிலையங்களின் முத்திரையில் ஆலையின் பெயர் மட்டுமே காணப்படுகிறது. சன்னல் சட்டங்களுக்கு நுண்தூரிகையால் வண்ணம் தீட்டிய கைகளின் பெயர் அங்கே இல்லை.