புளி போட்டுத் தேய்க்காதீர்கள்



நான் செய்த ஒரு பிழையைச் சொல்லித்தான் இம்மாதப் பக்கத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் சிறுசேமிப்புக் குழுவிலுள்ள ஒரு ராத்தா தன் உம்மம்மாவின் பழைய பிஸ்கட் தகரமொன்றைக் கொண்டுவந்தார். 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது, உடுத்த உடையோடு அவர் கையில் எடுத்துச் சென்றது அதைத்தான். உள்ளே பத்துப் பன்னிரண்டு காசுகள். விக்டோரியா இராணியின் தலை பொறித்த 1870ஆம் ஆண்டுச் செப்புச் சதங்கள், ஜோர்ஜ் மன்னர் காலத்து வெள்ளி ஐம்பது சதம், புத்த ஜயந்திக்காக 1957இல் வெளியிட்ட வெள்ளி ஐந்து ரூபா. மகளின் உயர்தர வகுப்புச் செலவுக்கு இவற்றை விற்கலாமா என்று கேட்டார்.

"கறுத்துப்போய்க் கிடக்கு ராத்தா, புளி போட்டுத் தேய்ச்சுக் கொண்டுபோங்க" என்றேன். படித்த பிள்ளை சொல்கிறதே என்று அவரும் புளியும் சாம்பலும் வைத்துப் பளபளவென்று தேய்த்துவிட்டார். காசு சேர்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனபோது, அவர் வெளிச்சத்தில் ஒரு தரம் சரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாராம். வெள்ளியை நிறைக்கு எடுக்கலாம், தேய்த்த செம்பு தனக்கு வேண்டாம் என்றாராம்.

அதன் பிறகுதான் நான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

பழைய காசின் மதிப்பு அதன் வயதில் மட்டும் இல்லை. எத்தனை பேர் கைபட்டுத் தேய்ந்திருக்கிறது என்பதைத்தான் சேகரிப்போர் முதலில் பார்க்கிறார்கள். காசில் மேடாக இருக்கும் இடம்தான் முதலில் தேயும். விக்டோரியா சதத்தில் காதுக்கு மேலுள்ள கூந்தல், பிறகு கன்னம். கூந்தல் இழை இழையாகத் தெரிந்தால் உயர்ந்த தரம். இழைகள் ஒன்றாகக் கலந்து வழுவழுப்பாகிவிட்டால் தரம் இறங்கும். தலை வெறும் நிழல்போலத் தெரிந்து, ஆண்டை மட்டும் வாசிக்க முடிந்தால் கீழ்த்தரம்.

இதற்கு ஓர் அளவுகோலும் உண்டு. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன், தம் நாட்டுப் பழைய செப்புச் சதங்களுக்காக 1949இல் 1 முதல் 70 வரை புள்ளி வகுத்தார். இன்று அதையே திருத்தி எல்லாக் காசுகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். 60க்கு மேல் என்றால் புழக்கத்துக்கே வராத காசு. புள்ளிகளோடு பெயர்களும் உண்டு. அதில் 'குட்' என்ற பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். நல்லது என்று பெயர், ஆனால் நன்றாகத் தேய்ந்துபோன காசைத்தான் அப்படிச் சொல்வார்கள்! தரம் பார்த்துப் பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் 1980களில் தோன்றின. கழுவிய காசுக்கு அங்கே வழக்கமான புள்ளி கிடைக்காது; "சுத்தம் செய்யப்பட்டது" என்ற குறிப்போடுதான் வரும்.

நாம் அழுக்கென்று நினைக்கும் அந்தக் கறுப்பு, உலோகம் காற்றோடு சேர்ந்து காலப்போக்கில் உண்டாக்கிக்கொண்ட மேற்பூச்சு. சேகரிப்போர் விரும்புவது அதைத்தான். புளியின் அமிலம் அதைத் தின்றுவிடுகிறது. சாம்பல் மெல்லிய கீறல்களைப் போடுகிறது. இழந்ததைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. குத்துவிளக்கும் செம்புக்குடமும் துலக்கிப் பழகிய கை நம்முடையது. அந்தப் பழக்கம்தான் இங்கே நமக்கு எதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒல்லாந்தர் தம் கம்பனிக் குறியோடு அடித்த தடித்த செப்புக் காசுகளில், திருகோணமலையில் அடித்தவற்றுக்கு 'டி' என்ற ஆங்கில எழுத்து அடையாளம். அவ்வாறான ஒன்று கிணறு வெட்டும்போதோ தோட்டம் கொத்தும்போதோ கிடைத்தால் நம்முடையதென்று விற்க முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள் நிலத்தில் கண்டெடுக்கப்பட்டால் அது அரசுக்குரியது, அறிவிக்கவும் வேண்டும்.

வீட்டில் பரம்பரையாக வந்த காசு இருந்தால் விளிம்பில் பிடித்துத் தூக்குங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசி உறையில் போடுங்கள். கடைகளில் கிடைக்கும் மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் சில நாளடைவில் பசைவிட்டுக் காசைப் பச்சையாக்கிவிடும். நமது கடற்கரை ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். விற்பதானால் ஒருவர் சொல்லும் விலையோடு நிற்காமல் இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். கூந்தலையும் கன்னத்தையும் நீங்களே பார்த்து வைத்திருந்தால், "தேய்ந்துவிட்டது" என்று யாரும் இலேசில் சொல்லிவிட முடியாது.

ராத்தாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "போகட்டும் தங்கச்சி, நீ வேணுமெண்டா சொன்னாய்?" என்றார். ஐந்து ரூபாவை மட்டும் தேய்க்கவில்லையாம், அதற்குள் புளி முடிந்துவிட்டதாம். அதைக் கடதாசி உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.